மாத்திரையைத் தள்ளிப்போட்ட வருடங்கள்

1

போன தடவை நான் அனுப்பியதை அச்சுக்கோப்பவர் படிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பத்திரிகையிலிருந்து எழுதியிருந்தார்கள். முதல் பக்கத்தில் எறும்பு மாதிரி இருந்த எழுத்து மூன்றாம் பக்கத்தில் புள்ளியாகிவிட்டதாம். மலாயாவில் காகிதத்துக்குப் பஞ்சமா என்று வேடிக்கையாகக் கேட்டிருந்தார்கள். மன்னார்குடியிலிருந்து என் தம்பியும் கொஞ்ச காலமாக இதையேதான் கேட்கிறான்.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை. எனக்குப் பார்க்கின்சன் நோய். நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்பார்கள். கை ஆடும், நடை சுருங்கும், முகம் இறுகிப்போகும், எழுத்து சிறுத்துக்கொண்டே வரும். இதற்கு ஒரு மாத்திரை உண்டு. நோயைத் தீர்க்காது, கொஞ்சம் அடக்கி வைக்கும். அந்த மாத்திரையை எப்போது ஆரம்பிப்பது என்ற கேள்வியோடு நாங்கள் சில வருடங்கள் குடித்தனம் நடத்தினோம். அதைத்தான் இந்த முறை எழுதுகிறேன். கோடு போட்ட தாளில், ஒரு வரி விட்டு ஒரு வரி, கூடுமானவரை பெரிதாக எழுதியிருக்கிறேன். அச்சுக்கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. முதலில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அங்கேயே மலாய் படித்து, இங்கிலீஷையும் தேய்த்துச் சரிசெய்துகொண்டு, பரீட்சை எழுதி மலாக்கா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். கூண்டில் நிற்கிற தமிழர் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு இங்கிலீஷில் சொல்வேன். மாஜிஸ்திரேட் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்வேன். வீடு காஜா பெராங்கில். எங்கள் தெருவில் பாதிப்பேர் மலாக்கா செட்டிகள், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். நெற்றியில் விபூதி, வீட்டில் மாரியம்மன் படம், வாயைத் திறந்தால் மலாய். முதலில் வந்தபோது எனக்கு அது வினோதமாக இருந்தது. இப்போது என் மகள் பேசுகிற தமிழைக் கேட்டால், அவர்கள் நமக்குக் கொஞ்சம் முன்னால் நடக்கிறார்கள், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

இன்று காலை பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு தெருவில் போனார்கள். சுதந்திர நாள். ஐம்பத்தேழில் மலாயாவின் முதல் சுதந்திர நாளன்று, நானும் என் மனைவி கமலமும் கூட்டத்தோடு திடலில் நின்றிருந்தோம். கொடி ஏறும்போது என் வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல அசைந்தன. நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று கமலம் நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த பிறகும் அது ஆடிக்கொண்டிருந்தது.

2

பலவீனம் என்று சத்து மருந்து குடித்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சில மாதங்கள் இப்படிப் போன பிறகு கமலம் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு சீன டாக்டர், ஓங் என்று பெயர், என்னை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். என் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போகாமல், பல்சக்கரம் போல நின்று நின்று போனது. பிறகு இங்கிலீஷில் நோயின் பெயரைச் சொல்லி விளக்க ஆரம்பித்தார்.

கமலத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இது உயிரை உடனே வாங்கும் வியாதி இல்லை. ஆனால் நிற்காது. மெதுவாகக் கூடும். ஒரு பக்கம் ஆரம்பித்து மறுபக்கமும் வரும். இன்று வரை தீர்க்கும் மருந்து இல்லை. அடுத்தவர்களுக்கு விதிக்கப்பட்டதைச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், இதையும் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனது.

கமலம் குறுக்கிட்டாள். "இதெல்லாம் யாருக்குன்னு சொல்றாரு?"

"எனக்குத்தான்" என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மாத்திரை ஒன்று இருக்கிறது, ஆனால் இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். இருக்கிற மருந்தை ஏன் தரமாட்டேன் என்கிறார் என்று கமலம் கேட்டாள். அதை நான் இங்கிலீஷில் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மாத்திரை ஆட்டத்தைக் குறைக்கும், இறுக்கத்தையும் ஓரளவு தளர்த்தும். ஆனால் பதிலுக்கு வாங்கிக்கொள்ளும். வாய் வறளும், கிட்டப் பார்வை மங்கும், வயிறு கட்டும். சிலருக்கு ஞாபகமும் புத்தியும் மந்தமாகும். கை ஆடுவது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக அவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். எதைச் செய்ய முடியாமல் போனால் உங்களுக்கு வாழ்க்கை ஓடாதோ, அதில் நோய் கை வைக்கும்போது ஆரம்பிக்கலாம். அது எது என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

இதைக் கமலத்துக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவ்வளவு நேரம் பேசினதற்கு இவ்வளவுதானா என்று அவள் என்னைப் பார்த்தாள்.

மன்னார்குடியில் எங்கள் தெருவில் முத்திரைத்தாள் விற்கிற ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அவருக்குப் பின்னால் அவருடைய குடையையும் பையையும் தூக்கிக்கொண்டு, அவர் நின்றால் நின்று, நடந்தால் நடந்து போன அவர் மனைவிதான் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, தெங்கேராவில் பஸ்ஸுக்கு நின்றிருந்த நேரத்தில், அந்த அம்மாளின் ஞாபகம் வந்தது. கமலத்திடம் சொல்லவில்லை.

3

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. கை சும்மா இருந்தால்தான் ஆடும். ஏதாவது எடுத்துப் பிடித்துக்கொண்டால் அடங்கும். அதனால் கோர்ட்டில் எப்போதும் ஒரு கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தேவையில்லாத கோப்புதான். கொஞ்ச காலம் அது ஓடியது.

அந்த வருடம் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். கோர்ட் நண்பர்கள் எல்லோரும் போனார்கள். மன்னார்குடிக்குத் திரும்பிப் போவோமா மாட்டோமா என்று பல வருடம் பேசிப் பேசி, பேசுவதையே விட்டுவிட்டிருந்தோம். நானும் போனேன். என் கையெழுத்தைப் பழைய தாளில் இருந்ததோடு வைத்துப் பார்த்தார் அங்கே இருந்த மலாய் அதிகாரி. பழையது ஒரு விரல் நீளம். புதியது கடுகு. இன்னொரு தடவை போடச் சொன்னார். அது அதைவிடச் சிறிதாக வந்தது. வரிசை என் பின்னால் நீண்டுகொண்டிருந்தது. அவர், எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அவன் வயதுக்காரர், மரியாதையானவர். "பாக்சிக்", அதாவது மாமா, என்று முறை வைத்து அழைத்து, கட்டைவிரல் வைத்துவிடுங்கள், சுலபமாகப் போய்விடும் என்று மை டப்பாவை நகர்த்தினார்.

எத்தனையோ தோட்டத்து ஆட்களின் விரலைப் பிடித்து மையில் தொட்டு, இங்கே வை, அழுத்து என்று சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு அந்த அதிகாரி விரலைப் பிடித்துவிட்டார். இல்லாவிட்டால் ரேகை கலைந்துபோயிருக்கும். அப்படித்தான் நான் இந்த நாட்டுக் குடிமகனானேன்.

அதற்குச் சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக் கிருஷ்ண பிள்ளை வந்தார். பெயரில் பிள்ளை இருந்தாலும் மலாக்கா செட்டிதான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரோடு பேசுவதெல்லாம் மலாயில்தான். நெடுநேரம் தன் மாமரத்தைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, நான் குடிக்கிறேன் என்று வெளியே பேச்சிருக்கிறது என்றார். கோர்ட் வாசலில் கேட்டாராம். காலையில் கை ஆடுகிறது, அதற்குக் கள்ளு போதாது, சம்சுதான் என்று ஒருவன் சொன்னானாம்.

இங்கே தமிழனுக்குக் கை ஆடினால் அதற்கு ஒரே காரணம்தான். திருட்டுச் சாராயமான சம்சு வழக்குகளில் எத்தனையோ பேருக்கு நான் தண்டனையை வாசித்திருக்கிறேன். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. கிருஷ்ண பிள்ளையிடம் நோயின் பெயரைச் சொன்னேன். அவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், பிறகு இவ்வளவு நீளமான பெயரை யார் நம்புவார்கள் என்று வருத்தமாகக் கேட்டார்.

4

கமலம் முதலிலிருந்தே மாத்திரை பக்கம்தான். அவளுக்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு ஒரே பெண், சரோஜா. புக்கிட் காதிலில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மூவாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற முத்தையா என்பவர் தம் மகனுக்கு அவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். பையனுக்குப் பொதுப்பணித் துறையில் உத்தியோகம். நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். சரோஜா ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்திருக்கிறாளாம். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அவங்க வந்து உக்காந்திருக்கப்ப உங்க கை ஆடுச்சுன்னா என்ன நெனைப்பாங்க? ஊரே குடிகாரன்னு பேசுது" என்றாள் கமலம். "உங்களுக்கு அவமானமா இல்லாம இருக்கலாம். எனக்குப் பொண்ணு இருக்கா."

எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. டாக்டர் ஓங்கிடம் போய், ஆரம்பிக்கலாம் என்றேன். எது முடியாமல் போயிற்று என்று கேட்டார். மானம் போகிறது என்றேன். அவர் எழுதிக் கொடுத்தார். சிறிய வெள்ளை மாத்திரை. குறைவாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம்.

கை அடங்கியது. கமலம் காலையில் கோப்பி கொடுத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. வாய் மட்டும் பஞ்சை அடைத்தது மாதிரி இருந்தது. செய்தித்தாளில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கோர்ட்டில் தண்ணீர்க் குவளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கோப்பைப் பிடிக்கிற வேலை இல்லை. மறுபடியும் கைகளைச் சும்மா தொங்கவிட்டு நின்றேன்.

அப்படி நின்றிருந்த ஒரு நாள் அஞ்சலை என்கிற பால்மரம் வெட்டுகிற பெண், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள், கூண்டில் ஏறினாள். தோட்டத்துத் தண்டல் மேல் புகார். தண்டல் என்றால் வேலை வாங்குகிற மேஸ்திரி. அவளுக்குச் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. மாஜிஸ்திரேட் இளம் மலாய்க்காரர், வேலைக்குப் புதிது, ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாக எழுதுகிறவர்.

"வெட்டு சரியில்லைன்னு ஏசினாருங்கய்யா. நான் பதில் சொன்னேன். ஒடனே என்மேல கை நீட்டிட்டாரு" என்றாள் அஞ்சலை.

"தண்டல் என்னை நோக்கிக் கையை நீட்டினார்" என்று அவள் சொன்னதாக நான் இங்கிலீஷில் சொன்னேன். எதற்காக நீட்டினார், எதையாவது கொடுக்கவா வாங்கவா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அதையும் அப்படியே தமிழில் அவளிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், மாஜிஸ்திரேட்டைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் கேக்கலீங்களே, அவரும் ஒண்ணும் குடுக்கலீங்க" என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன். தண்டலின் வக்கீல் ஏதோ குறித்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. தலைக்குள் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தினது மாதிரி இருந்தது. துணி இருப்பதே தெரியவில்லை.

மத்தியான இடைவேளையில் எதிர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ரொட்டி வறண்ட தொண்டையில் இறங்காமல் நின்றது. அப்போது, யாரோ வெளியிலிருந்து உள்ளே வந்தது போல, அந்த அர்த்தம் வந்தது. கை நீட்டினார் என்றால் அடித்தார். தமிழ்நாட்டில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த பேச்சு. நான் அதை விருந்துக்கு வந்தவர் கைகுலுக்க வந்த மாதிரி ஆக்கிவிட்டேன்.

திரும்பிப் போய், வழக்கு மறுபடி எடுத்ததும் அனுமதி கேட்டு எழுந்து, காலையில் நான் சொன்னது பிழை, அந்தப் பெண் சொன்னதன் பொருள் அவர் அடித்தார் என்பது என்றேன். வக்கீல் ஆட்சேபித்தார். மாஜிஸ்திரேட் அஞ்சலையை மறுபடி கேட்கச் சொன்னார். அவள் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அது பதிவானது. கடைசியில் தண்டலுக்கு அபராதம் விதித்தார்கள். என்னை யாரும் கடிந்துகொள்ளவில்லை. உடம்பு சரியாக இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் பிறகு அறையில் கேட்டார், அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் அஞ்சலை எனக்காகக் காத்திருந்தாள். "நான் காலையில சரியா சொல்லலீங்களாய்யா?" என்று கேட்டாள்.

"நீ சரியாத்தான் சொன்னே" என்றேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரமே டாக்டர் ஓங்கிடம் போனேன். கை எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும், அடுத்தவர் வார்த்தை என் வாயில் சேதமாகக் கூடாது, அது எனக்கு முடியாது என்றேன். அவர் தலையசைத்தார். திடீரென்று நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும் என்று, கூட்டினது போலவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். குறையக் குறையத் தலையில் இருந்த துணி விலகியது. கை பழையபடி உருட்ட ஆரம்பித்தது. முன்னைவிட அதிகமாக என்றுகூடச் சொல்லலாம்.

5

மூவார்க்காரர்கள் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வந்து போகிறவரையாவது சாப்பிடுங்கள் என்று கமலம் கேட்டாள். அழுது கேட்கவில்லை, சமையல் செய்துகொண்டே, அலுத்துப்போன குரலில் கேட்டாள். நான் அஞ்சலை விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டு முடித்தாள்.

"ஒரு நாள் கோர்ட்டுக்கு லீவு போட்டுட்டு மாத்திரை சாப்பிட்டாப் போச்சு. அதுக்குக்கூடவா மாட்டீங்க?"

ஒரு நாளில் அடங்குகிற மருந்து இல்லை அது என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் வேறொன்றும் இருந்தது. அவர்கள் இந்தக் கையைப் பார்க்காமல் சம்மதித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தால் சரோஜாவுக்கு அந்த வீட்டில் என்ன பெயர் கிடைக்கும் என்று யோசித்தேன். இதையும் சொன்னேன். கமலம் அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தாள். வருகிற அன்று காலையில், "எதையாவது கையில புடிச்சிக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொன்னாள்.

முத்தையா, அவர் மனைவி, பையன், பையனின் மாமா, நான்கு பேர் வந்தார்கள். நான் வெற்றிலைத் தட்டைப் பிடித்தேன், கோப்பிக் குவளையைப் பிடித்தேன், விசிறியைப் பிடித்தேன். முத்தையா நல்ல மனிதர். கப்பல் பேச்சு, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு எல்லாம் பேசினார். பேச்சு சுவாரசியத்தில் விசிறியைக் கீழே வைத்துவிட்டேன். கை ஆடியது. எல்லோர் கண்ணும் அங்கே போனது. கமலம் பலகாரத் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"குடியில்லைங்க. வியாதி" என்றேன். பெயரைச் சொன்னேன், தீராது என்பதைச் சொன்னேன், கூடும் என்பதையும் சொன்னேன். மருந்து இருக்கிறது, வேலைக்கு ஆகாது என்று நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றேன்.

முத்தையா தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க. இது பிள்ளைங்களுக்கு வருமா?"

அத்தனை கேள்வி கேட்ட நான் டாக்டரிடம் அதைக் கேட்டதே இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பலகாரம் சாப்பிட்டார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அந்த அம்மாள் கமலத்தின் கையைப் பிடித்துச் சொன்னாராம்.

பெரும்பாலும் அப்படி வருவதில்லை என்று டாக்டர் ஓங் சொன்னார். அதை முத்தையாவுக்கு உடனே எழுதினேன். பதில் வரத் தாமதமானது. அதற்குள் பையனுக்குக் குளுவாங்கில் வேறு இடம் பேசி முடித்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். பிறகு முத்தையாவே எழுதினார். ஜாதகம் சரியாக அமையவில்லை என்று இருந்தது.

கமலம் சில நாட்கள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், சட்டை எடுத்து வைப்பாள், பேச்சு மட்டும் இல்லை. சரோஜா எப்போதும் போல பள்ளிக்குப் போய் வந்தாள். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பெற்ற பெண்ணிடம் எந்த மொழியில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிநேகிதிகளோடு இங்கிலீஷ், பக்கத்து வீட்டில் மலாய், எங்களோடு சுருக்கமாகத் தமிழ். அடுத்த வருடம் கோலாலம்பூருக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள்.

அவளை ரயிலேற்றத் தம்பின் என்கிற ஊரின் நிலையம்வரை போனேன். பெட்டியை என்னால் தூக்க முடியவில்லை, அவளே தூக்கினாள். வண்டி வர நேரமிருந்தது. மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டேன், அந்தப் பையனை உனக்குப் பிடித்திருந்ததா என்று.

"புடிச்சிருந்துச்சுப்பா" என்றாள். பெட்டியைக் காலருகே நகர்த்திக்கொண்டு, "ஆனா நீங்க மாத்திரை போட்டு மறைச்சிருந்தா, நானே அவங்ககிட்ட சொல்லியிருப்பேன். அம்மாகிட்ட இத சொல்லாதீங்க" என்றாள்.

இதுவரை சொல்லவில்லை. கமலத்துக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும்; இதை அனுப்புவதற்கு முன் அவள் படிப்பாள். சரோஜா மன்னிக்க வேண்டும்.

6

கை ஆடிக்கொண்டே இன்னும் இரண்டு வருடம் கோர்ட்டில் நின்றேன். ஊர் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டது. ஆனால் நோய், நான் காவல் நின்ற வாசலில் வராமல் வேறு பக்கம் வந்தது. குரல் இறங்க ஆரம்பித்தது. எனக்குச் சத்தமாகப் பேசுவது போலத்தான் இருக்கும். மாஜிஸ்திரேட் மேசைக்கு முன்னால் குனிந்து, இன்னும் கொஞ்சம் உரக்க, இன்னும் கொஞ்சம் என்பார். ஒரு நாள் அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று கேட்டு எழுதிக்கொண்டார். அவர் மரியாதைக்காகச் செய்தார். மறுநாள் ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகுதான் கமலம் என்னென்ன செய்துகொண்டிருந்தாள் என்று தெரிந்தது. சட்டைப் பித்தான் அவள் போடுகிறாள். சோற்றை அவள் பிசைந்து வைக்கிறாள். நாற்காலியிலிருந்து எழ அவள் கை கொடுக்க வேண்டும். படுக்கையில் எனக்குத் தானாகப் புரள வராது. அவள் எழுந்து திருப்பிவிடுவாள். அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கோர்ட்டுக்குப் போன காலத்தில் இதெல்லாம் காலை அவசரத்தில் நடந்து முடிந்துவிடும், நான் கவனித்ததில்லை. மூவார் விஷயத்துக்குப் பிறகு அவள் மாத்திரை என்ற வார்த்தையையே எடுத்ததில்லை.

இந்த வருடம் ஒரு நாள் காலையில் எனக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். என்ன என்று பார்த்தால், நெற்றியை என் தோளில் சாய்த்தபடி தூங்கிவிட்டிருந்தாள். நின்றபடியே. என் கை அவள் இடுப்புக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அசையாமல் நிற்க முயன்றேன். அதுதான் எனக்கு முடியாத காரியம். அவள் விழித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த பித்தானைப் போட்டாள்.

"டாக்டர்கிட்ட போவோம். மாத்திரை ஆரம்பிச்சுடலாம்" என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை நம்பாதவள் போலப் பார்த்தாள். "எதுக்கு இப்ப? நாக்கு வறண்டுபோகும், வார்த்தை வராது, தலை மந்தமாயிடும்னு அத்தனை சொன்னீங்களே."

"இனிமே நான் யாருக்கு என்ன சொல்லணும்? கோர்ட்டா, கச்சேரியா?"

"எனக்குச் சொல்ல வேண்டாமா?" என்றாள்.

முப்பது வருடத்தில் அவளிடம் நான் அதிகம் பேசினவன் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைப் பேசிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் பேசத் தோன்றாது. அவள் அதற்காகக் காத்திருந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இப்போது, நான் ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு, சாயங்காலங்களில் நாங்கள் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

"நாலு வார்த்தை மறந்துதான் போகும். நீ எடுத்துக் குடு" என்றேன்.

அடுத்த வாரம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஓங் தலை நரைத்திருந்தார். இந்தத் தடவை எது முடியாமல் போயிற்று என்று கேட்டார். இவளால் முடியவில்லை என்றேன். அவர் கமலத்தைப் பார்த்தார். முன்பு கொடுத்த அளவில் பாதியை எழுதினார். அதற்கு மேல் போக வேண்டாம், ஆட்டம் முழுவதும் நிற்காது, நிற்க வேண்டியதுமில்லை என்றார்.

ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாய் வறள்கிறது, கமலம் நாரத்தங்காய்த் துண்டு நறுக்கி வைத்திருக்கிறாள். எழுத்து மங்குகிறது, இந்தப் பக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் எழுதுகிறேன். நேற்று முறத்துக்குப் பெயர் வரவில்லை, "அதான், புடைக்கிறது" என்று கையால் காட்டினேன். அவள் அடுக்களையிலிருந்தே சொன்னாள். பித்தான்களில் மேலே இரண்டை நானே போட்டுக்கொள்கிறேன். படுக்கையில் ஒரு பக்கம் தானாகப் புரள வருகிறது, மறுபக்கம் வரவில்லை.

இன்று மத்தியானம், கொடி பிடித்த பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, கமலம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. காலடியில் அரைகுறையாக மடித்த துணிகள். கடல் பக்கமிருந்து மழை வந்து ஜன்னல் வழியே சாரல் அவள் பாதத்தில் விழ ஆரம்பித்தது. கூப்பிடலாமா என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, முன்னும் பின்னும் அசைந்து அசைந்து, கடைசியில் எழுந்துவிட்டேன். ஜன்னலுக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. கொக்கி இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை மாட்டியது. அவள் பாதத்தைத் துணியால் ஒற்றினேன். அவள் விழிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மழை விடும்வரை அவளைத் தூங்கவிட்டேன்.